உட்லண்ட்ஸ் கரையில் ஒரு மலேசியக் கடற்படைத் தளம்

ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூர் பாலத்தில் ஏறியதும் இடப்பக்கம், நீரிணையின் எதிர்க்கரை தெரியும். உட்லண்ட்ஸ் கடலோரப் பூங்கா இருக்கும் அந்தப் பக்கத்தில்தான், அட்மிரல்டி சாலை மேற்கை ஒட்டி, நம் நாட்டுக் கடற்படையின் முதல் தாய்வீடு இருந்தது. சுதந்திரத்திற்குப் பிறகும் பல ஆண்டுகள், கடற்படையில் சேர்ந்த மலேசிய இளைஞர்கள் முதல் அணிவகுப்பைப் பழகியது அங்கேதான்.

கடற்படையின் கதை 1934இல் தொடங்குகிறது. 1939இல் பிரிட்டிஷ் அரசக் கடற்படையில் மலாய்ப் பிரிவு ஒன்று அமைக்கப்பட்டு, சிங்கப்பூரில் எச்எம்எஸ் பெலாண்டோக் என்ற தளத்தில் பயிற்சி நடந்தது. போருக்குப் பின், 1947இல், செலவைக் காரணம் காட்டி அதைக் கலைத்தார்கள். ஆனால் அவசரகாலம் வந்ததும் கரையோரக் காவலுக்கு ஆள் தேவைப்பட்டது. 1948 இறுதியில் சட்டம் இயற்றப்பட்டு மலாயாக் கடற்படை மீண்டும் பிறந்தது. அதற்குக் கொடுக்கப்பட்ட இடம், உட்லண்ட்ஸில் இருந்த பழைய வானொலி நிலையம். பின்னர் அத்தளம் எச்எம்எஸ் மலாயா ஆனது. முதல் உலகப் போரில் ஜட்லண்ட் சண்டையில் கலந்துகொண்ட அதே பெயருடைய போர்க்கப்பல் வேறு; அது மலாய் மாநிலங்களின் பணத்தில் கட்டப்பட்டது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் இன்றும் உண்டு.

கரையில் இருக்கும் கட்டடத்திற்கு எதற்குக் கப்பல் பெயர்? அது பிரிட்டிஷ் கடற்படை மரபு. தரையில் கட்டிய முகாமும் கப்பலாகவே கணக்கு. அங்கே தரை என்பது 'டெக்', சமையற்கூடம் என்பது 'கேலி'. வெளியே கடைக்குப் போனாலும் 'கரைக்குப் போகிறேன்' என்றுதான் சொல்ல வேண்டும். சுதந்திரத்திற்குப் பின் எச்எம்எஸ் போய் 'கேடி' வந்தது. அதன் விரிவு கப்பால் டி-ராஜா. மலாய்மொழியின் 'கப்பால்' நம் 'கப்பல்' என்ற சொல்லிலிருந்து போனதுதான். ஆக, கடற்படையின் ஒவ்வொரு கப்பலின் பெயரிலும் ஒரு தமிழ்ச்சொல் முன்னால் நிற்கிறது.

1957இல் மலாயா சுதந்திரம் அடைந்தது; சிங்கப்பூர் பிரிட்டிஷ் வசமே இருந்தது. 1958 ஜூலையில் கடற்படை மலாயா அரசின் கைக்கு வந்தபோதே, தளம் இருந்த மண் நம்முடையதாக இல்லை. 1963இல் மலேசியா அமைந்ததும் இரண்டும் ஒரே நாட்டில் சேர்ந்தன. அது இரண்டே ஆண்டுகள். 1965 ஆகஸ்ட் 9ஆம் தேதிக்குப் பின் அத்தளம் மீண்டும் அந்நிய மண்ணில். 1967இல் பாலத்தில் கடப்பிதழ்ச் சோதனையும் தொடங்கியது. கடற்படை தன் பயிற்சித் தளத்தையே பக்கத்து நாட்டில் வைத்திருப்பது எவ்வளவு சங்கடமான நிலை!

அதே 1967 டிசம்பரில்தான் கடற்படைத் தலைமை ஒரு தமிழரின் கைக்கு வந்தது. டான்ஸ்ரீ கே. தனபாலசிங்கம் கோலாலம்பூர் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் மாணவர். இங்கிலாந்தின் டார்ட்மவுத் கடற்படைக் கல்லூரியில் பயிற்சி பெற்றவர். அதற்கு முன் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய அதிகாரிகளே தலைமை வகித்தனர். அப்பதவிக்கு வந்த முதல் மலேசியர் அவர். அப்போது அவருக்கு வயது 31. 1976 வரை பதவியில் இருந்தார். தாய்நாட்டு மண்ணில் தளம் வேண்டும் என்ற எண்ணம் பேராக், லூமுட்டில் உருப்பெறத் தொடங்கியது அவர் காலத்தில்தான். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும் என்று கேட்டால் பதில் வருத்தமளிக்கும்.

1970களின் இறுதியிலும் 1980களிலும் தளம் படிப்படியாக லூமுட்டுக்கு இடம்பெயர்ந்தது. பெயரும் கூடவே போய்விட்டது. இன்று கேடி மலாயா என்றால் லூமுட்தான்; கேடி பெலாண்டோக் அங்குள்ள பயிற்சி மையம். புதிதாகச் சேருவோர் ஜொகூர், தஞ்சோங் பெங்கெலீயில் உள்ள கேடி சுல்தான் இஸ்மாயில் தளத்திற்குப் போகிறார்கள். உட்லண்ட்ஸ் நிலம் 1990களின் பிற்பகுதியில் முழுமையாகச் சிங்கப்பூர் வசமானது. ஓர் இடம் பாழடைவதற்குச் சுவர் இடிய வேண்டியதில்லை, பெயரை எடுத்துவிட்டாலே போதும். இணையத்தில் கேடி மலாயா என்று தேடுகிறவருக்கு முதலில் வருவது பேராக்தான்.

உட்லண்ட்ஸுக்குக் கிழக்கே செம்பாவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தின் நிலை வேறு. அங்கே வேலை செய்த தமிழர்களும் மலையாளிகளும் மரத்தடியில் முருகனை வைத்துக் கும்பிட்டார்கள். தளம் போன பிறகும் அந்தப் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் ஈசூனில் நிற்கிறது. ஆண்டுதோறும் பங்குனி உத்திரம் நடக்கிறது. தொழிலாளர்களுக்குக் கோயில் இருந்தது, நினைவும் நின்றது. பயிற்சிக்கு வந்து சில மாதங்களில் கப்பலேறிப் போனவர்கள் அப்படி எதையும் விட்டுச் செல்லவில்லை.

அவர்கள் விட்டுச் சென்றவை வீடுகளில்தான் இருக்கின்றன. கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ, தாத்தாவின் இரும்புப் பெட்டியில் வெள்ளைச் சீருடைப் படம், தொப்பி நாடா, பயிற்சிச் சான்றிதழ் இருக்கலாம். நம் ஈரக்காற்றில் கறுப்பு வெள்ளைப் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிய்த்தால் முகம் போய்விடும். ஒட்டிய படத்தை இழுக்காமல், இருக்கிற நிலையிலேயே கைப்பேசியில் படமெடுத்துக்கொள்வது நல்லது. பின்பக்கம் பேனாவை அழுத்தாமல் பென்சிலால் பெயர், ஆண்டு, கப்பலின் பெயர் மூன்றையும் குறித்து வைக்கலாம். படத்தில் 'மலாயா' என்று மட்டும் இருந்து, ஆண்டு 1979க்கு முந்தியதாக இருந்தால், அது பெரும்பாலும் லூமுட் அல்ல, உட்லண்ட்ஸ்.