மறந்த சில்லு, மறவாத எண்ணி: ஏத்9கே இயக்கியின் மீட்டமைப்புப் பாதை குறித்து ஒரு மறுவாசிப்பு

கம்பியில்லா வலையட்டை இயக்கிகளில் வன்பொருள் மீட்டமைப்பைப் பற்றிப் பேசும்போது அதைப் பூட்டுகளின் கதையாகச் சொல்லும் மரபு ஒன்று வேரூன்றியிருக்கிறது. மீட்டமைப்பு நடக்கும் நேரத்தில் வேறு யாரும் சில்லைத் தொடக்கூடாது. தொடுவோர் எல்லோரையும் ஒரே பூட்டின் பின்னால் நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது என்பது அந்த மரபின் சாரம். லினக்ஸ் கெர்னலின் ஏத்9கே இயக்கியில் 2014-க்கும் 2017-க்கும் இடையில் செய்யப்பட்ட மூன்று திருத்தங்களை இம்மரபு ஒரே வகையானவையாக வாசிக்கிறது: ஒரு சிறு கால இடைவெளி விட்டுப்போயிற்று, பிறகு அது அடைக்கப்பட்டது, இன்னொன்று தென்பட்டது, அதுவும் அடைக்கப்பட்டது. இந்த வாசிப்பு பிழையானது என்று கருதுகிறேன். மூன்று திருத்தங்களும் மூன்று வேறு கேள்விகளுக்கு விடை சொல்கின்றன. மூன்றாவது கேள்வியைப் பூட்டு மரபு கேட்கவே இல்லை.

முதல் திருத்தம் 2014-இன் இறுதி மாதங்களைச் சேர்ந்தது. அதற்கு முன்பிருந்த நிரலில், மீட்டமைப்பு வேண்டும் என்று முடிவானதும் ஒரு கொடி உயர்த்தப்படும். மீட்டமைப்பு வேலை பணிவரிசையில் சேர்க்கப்படும். அதற்குப் பின் முதல் குறுக்கீடு வரும்போதுதான் குறுக்கீட்டுக் கையாளி கொடியைப் பார்த்துச் சில்லின் குறுக்கீடுகளை அணைக்கும். ஒரே குறுக்கீட்டுத் தடத்தைப் பல அட்டைகள் பகிரும் பலகைகளில் இது ஆபத்தானது. பழைய பிசிஐ முறையில் பக்கத்து அட்டை கூப்பிட்டாலும் நம் கையாளியும் எழும்பும். கூப்பிட்டது நாமா என்று அறிய நம் சில்லின் காரணப் பதிவகத்தை வாசித்தாக வேண்டும். சில்லோ அப்போது மீட்டமைப்பின் நடுவில் இருக்கலாம். மேசைக் கணினியில் இப்படிப்பட்ட வாசிப்பு பெரும்பாலும் எல்லா பிட்டும் ஒன்றாகத் திரும்பும். 0எக்ஸ் எஃப்எஃப்எஃப்எஃப்எஃப்எஃப்எஃப்எஃப் என்ற அந்த மதிப்பைப் போலிக் குறுக்கீடு என்று ஒதுக்க இயக்கியிலேயே தனிச் சோதனை உண்டு. ரவுட்டர்களில் உள்ள மிப்ஸ் செயலிகளில் இத்தகைய வாசிப்பு பாட்டைப் பிழையாக வெடித்து மொத்தக் கருவியையும் சாய்த்துவிடக்கூடும். திருத்தம் இரண்டு காரியம் செய்தது. மீட்டமைப்பை வரிசையில் இடும் கணத்திலேயே சில்லின் குறுக்கீடுகளை அணைத்தது. கொடி உயர்ந்திருந்தால் கையாளி சில்லைத் தொடாமலே ‘இது என்னுடையது அன்று’ என்று திரும்பும்படி செய்தது.

சில வாரங்களுக்குள் இரண்டாவது திருத்தம் தேவைப்பட்டது. அணைக்கப்பட்ட குறுக்கீட்டை, கையாளி விட்டுச்செல்லும் வேலையைப் பின்னர் முடிக்கும் டாஸ்க்லெட் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததால், தன் வழக்கப்படி கடைசி வரியில் மீண்டும் திறந்துவிட்டது. சில்லு கூப்பிட்டது, கையாளி கொடியைப் பார்த்து ‘என்னுடையது அன்று’ என்றது. பிசிஐ தடம் மட்டத்தால் இயங்குவது. காரணம் துடைக்கப்படும்வரை தடம் அடங்காது. எனவே அதே கணத்தில் மறுபடியும் கூப்பாடு. இப்படி ஒரு குறுக்கீட்டுப் புயல். புயலின் முடிவு கெர்னலின் பொதுப்பகுதியில் எழுதப்பட்டிருக்கிறது: 1,00,000 குறுக்கீடுகளில் 99,900-க்கு மேல் யாரும் ஏற்காவிட்டால் அந்தத் தடமே மூடப்படும். பகிர்ந்த தடமானால் ஒரு தவறும் செய்யாத பக்கத்து அட்டையும் சேர்ந்து ஊமையாகும். எந்தப் பகிர்வைக் காக்க முதல் திருத்தம் எழுதப்பட்டதோ அந்தப் பகிர்வே அதன் பிழையால் பாதிக்கப்பட்டது.

இங்கேதான் வாசிப்பு பிரிகிறது. பூட்டு மரபு இதை ‘டாஸ்க்லெட் நுழைய விட்டுப்போன சிறு இடைவெளி’ என்கிறது. திருத்தத்தின் விளக்கக் குறிப்பும் அளவால் சிறிய இடைவெளி என்றுதான் சொல்கிறது. அந்தச் சொல் மரபுக்குச் சான்றாகிவிட்டது. குறிப்பை விட்டு நிரலையே பார்த்தால் வேறொன்று தெரிகிறது. இரண்டாம் திருத்தம் இடைவெளியைக் குறுக்கவில்லை. கொடியை அது இரண்டு பொருளாகப் பிரித்தது.

சற்று நின்று பார்ப்போம். மீட்டமைப்பு வரிசையில் இடப்பட்டுவிட்டது, ஆனால் தொடங்கவில்லை என்பது ஒரு நிலை. மீட்டமைப்பு நடந்துகொண்டிருக்கிறது என்பது இன்னொரு நிலை. முதல் நிலையில் சில்லு குழம்பியிருக்கலாம், ஆனால் அதன் பதிவகங்களைத் தொடலாம். இரண்டாம் நிலையில் தொடக்கூடாது. முதல் திருத்தம் இரண்டுக்கும் ஒரே கொடியை வைத்து, இரண்டிலும் ‘தொடாதே’ என்றது. முதல் நிலையில் சில்லைத் தொடாதிருப்பதே புயலுக்குக் காரணமாயிற்று. ஏனெனில் இந்தச் சில்லுகளில் காரணப் பதிவகத்தை வாசிப்பதுதான் காரணத்தைத் துடைப்பது. இரண்டாம் திருத்தத்துக்குப் பின் கையாளி முதலில் காரணத்தை வாசிக்கிறது, துடைக்கிறது. அதன் பிறகே கொடியைப் பார்த்து, ‘ஏற்றுக்கொண்டேன்’ என்று சொல்லி மேற்கொண்டு எதையும் செய்யாமல் திரும்புகிறது. உண்மையான மீட்டமைப்பு தொடங்கும் இடத்தில், டாஸ்க்லெட்களை முடக்குவதற்கும் பூட்டைப் பிடிப்பதற்கும் முன்பாக, கெர்னலின் குறுக்கீட்டுத் தடமே செயலிழக்கச் செய்யப்படுகிறது. அந்த அழைப்பு ஓடிக்கொண்டிருக்கும் கையாளி முடியும்வரை காத்திருக்கும் தன்மையுடையது. அதனாலேயே அதை டாஸ்க்லெட்டிலிருந்து அழைக்க முடியாது. இரு நிலைகளுக்கும் இரு வேறு கருவிகள் வாய்த்தது தற்செயல் இல்லை. இரு நிலைகளும் வெவ்வேறு சூழல்களில் வாழ்கின்றன: முடிவு டாஸ்க்லெட்டிலும் பிற சோதனைகளிலும் எடுக்கப்படுகிறது, செயல் பணிவரிசையில் நடக்கிறது. ‘சிறு இடைவெளி’ என்று சொன்னால் இந்தப் பாகுபாடு கண்ணில் படாமல் போகிறது.

இவ்வளவு ஒப்புக்கொண்டாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது: டாஸ்க்லெட் ஏன் குறுக்கீட்டைத் திறந்தது? அதன் கையில் பூட்டு இருந்தது. ஒழுங்கு மீறல் ஏதும் இல்லை. அன்றைய ஏற்பாட்டில் குறுக்கீட்டை மூடுவதும் திறப்பதும் ஓர் எண்ணியால் கணக்கு வைக்கப்பட்டன. கையாளி மூடினால் எண்ணி ஒன்று குறையும். டாஸ்க்லெட் திறந்தால் ஒன்று கூடும். கணக்கு நேரானால்தான் சில்லின் கதவு உண்மையில் திறக்கும். மீட்டமைப்பை வரிசையில் இடும்போது செய்யப்பட்ட மூடலோ பதிவகத்தில் நேராக எழுதியது, எண்ணியில் ஏறவில்லை. ஆக ஒரே உண்மைக்கு மூன்று ஏடுகள்: பதிவகம், எண்ணி, கொடி. பதிவகம் ‘மூடியிருக்கிறது’ என்றது; கொடி ‘மூடியே இருக்கட்டும்’ என்றது; எண்ணி ‘நான் முடித்ததும் திற’ என்றது. டாஸ்க்லெட் எண்ணியை நம்பியது. அதைக் குறை சொல்வதற்கில்லை. அதற்குக் கொடுக்கப்பட்ட ஏடு அதுதான்.

2017-இன் தொடக்கத்தில் வந்த மூன்றாவது திருத்தம் இந்த ஏட்டைத்தான் கைவிடுகிறது. அதன் விளக்கத்தின் பொருள் இது: சில சமயம் கையாளி இரு முறை ஓடுகிறது, சில சமயம், மீட்டமைப்பின் நடுவே மாட்டிக்கொண்டால், டாஸ்க்லெட் ஓடாமலே போகிறது, அதனால் எண்ணி சாய்ந்துவிடுகிறது, சாய்ந்த எண்ணியோடு இயக்கி நிரந்தரமாக முடங்குகிறது, வானொலியை முழுவதும் நிறுத்தித் திரும்பத் தொடங்கினாலொழிய மீட்சியில்லை. இதனோடு அது சொல்லும் ஒரு துணைச்செய்திதான் என் வாதத்தின் மையம்: சாதாரண மீட்டமைப்பு இந்த முடக்கத்தைத் தீர்க்காது.

ஏன் தீர்க்காது? மீட்டமைப்பு என்பது சில்லை மறக்கச் செய்வது. பதிவகங்கள் தொடக்க மதிப்புகளுக்குத் திரும்புகின்றன. அளவுத்திருத்தம் புதிதாக நடக்கிறது. இயக்கியின் நினைவகம் எதையும் மறப்பதில்லை. எண்ணி அங்கே இருக்கிறது. சில்லு கெட்டால் மீட்டமைப்பு உதவும்; சில்லைப் பற்றி இயக்கி வைத்திருக்கும் ஏடு கெட்டால் எத்தனை முறை மீட்டமைத்தாலும் ஒவ்வொரு முறையும் நல்ல சில்லொன்று அதே கெட்ட ஏட்டிடம் ஒப்படைக்கப்படுகிறது. ஒவ்வொரு மூடலுக்கும் ஒரு திறப்பு உண்டு என்ற இணைமுறைக் கணக்கு, எல்லோரும் தங்கள் பங்கை முடிப்பார்கள் என்ற எதிர்பார்ப்பின்மேல் நிற்பது. மீட்டமைப்போ யாரோ ஒருவர் தம் பங்கை முடிக்காமல் நிறுத்தப்படுவது. அந்த இடத்திலேயே இணைமுறைக் கணக்கைப் பாதுகாப்பின் அடித்தளமாக வைத்தது முரண்.

இதைப் பூட்டுச் சரிபார்ப்புக் கருவிகள் பிடிக்கவில்லையே என்று வியக்க வேண்டியதில்லை. அவை பூட்டுகள் எந்த வரிசையில் பிடிக்கப்படுகின்றன என்று பார்ப்பவை. குறுக்கீட்டைத் திறக்கும் உரிமை இக்கணத்தில் யாருக்கு என்பது பூட்டின் வரிசையில் எழுதப்படாத செய்தி. டாஸ்க்லெட் பூட்டைச் சரியாகப் பிடித்தது, சரியாக விட்டது, இரண்டுக்கும் நடுவில் தனக்கு இல்லாத உரிமையைப் பயன்படுத்தியது.

நினைவக நேரணுகல் (டிஎம்ஏ) நிறுத்தத்தைப் பற்றிய ஒரு செய்தியையும் இங்கே சேர்க்கிறேன். அது என் வாசிப்புக்கு வேறொரு பக்கத்திலிருந்து துணை நிற்கிறது. மீட்டமைப்புக்கு முந்தைய ஆயத்தத்தில் இயக்கி மேலடுக்கின் வரிசைகளை நிறுத்துகிறது, குறுக்கீடுகளை அணைக்கிறது, அனுப்பும் வரிசைகளைக் காலி செய்கிறது, பெறும் எந்திரத்தை நிறுத்துகிறது. கடைசி இரண்டின் வரிசை சில்லின் தலைமுறைக்கு ஏற்ப மாறும்: ஏஆர்9300 குடும்பமும் அதற்குப் பிந்தியவையும் என்றால் பெறுதலை முதலில் நிறுத்த வேண்டும்; முந்தியவை என்றால் அனுப்புதலை முதலில் காலி செய்ய வேண்டும். பெறும் எந்திரம் நிற்க 10,000 மைக்ரோ வினாடி வரை இயக்கி காத்திருக்கிறது. நிற்கவில்லையென்றால்? இயக்கி கைவிடுவதில்லை, பொறுத்தும் பார்ப்பதில்லை. வேக அலைத்தட மாற்றம் என்ற குறுக்குவழியை மறுத்து முழு மீட்டமைப்புக்குப் போகிறது. சில்லு சொல்வதை நம்ப முடியாத நிலையில், நம்பிக்கை தேவைப்படாத வழியைத் தேர்கிறது. டிஎம்ஏ விஷயத்தில் ஆரம்பத்திலிருந்தே தெளிவாக இருந்த இந்தக் கொள்கை, குறுக்கீட்டு எண்ணியின் விஷயத்துக்கு 2017-இல்தான் வந்து சேர்ந்தது.

சில மறுப்புகள் உண்டு. குறுக்கீட்டுத் தடத்தையே செயலிழக்கச் செய்வது பகிரும் அட்டையைத் தண்டிப்பதாகும் என்பது ஒன்று. மட்டத்தால் இயங்கும் தடத்தில் குறுக்கீடு காத்திருக்கும், தொலையாது, தாமதம்தான் விலை. புயலால் தடமே மூடப்படுவதோடு ஒப்பிட்டால் அது ஒரு விலையே இல்லை. செய்தி வழிக் குறுக்கீடு வந்தபின் பகிர்வே ஒழிந்துவிட்டது, இவையெல்லாம் பழங்கதை என்பது இன்னொன்று. பகிர்வு ஒழிந்தால் பக்கத்து அட்டை விலகும்; டாஸ்க்லெட் விலகாது. மூன்றாம் திருத்தத்தின் சிக்கலுக்குப் பகிர்வு தேவையே இல்லை. ஃபர்ம்வேர் உள்ள சில்லுகளுக்கான இயக்கிகள், முழுக் கருவியையும் மீளத் தொடங்கும்படி மேலடுக்கான மேக்80211-இடம் ஒப்படைத்துவிடுகின்றன என்பதும் சொல்லப்படும். அவை தங்கள் ஏடுகளின் பெரும்பகுதியை மேலடுக்கின் பொறுப்பில் புதிதாக எழுதுகின்றன. அதனாலேயே இந்தக் குறிப்பிட்ட நோய் அங்கே குறைவு. அது என் முடிவுக்கு ஆதரவாகவே அமைகிறது.

ஓர் எச்சரிக்கை என் பக்கத்திலும் தேவை. மூன்று திருத்தங்களும் ஒரே திட்டத்தின் படிகள் என்று நான் சொல்லவில்லை. எழுதியவர்கள் ஒவ்வொன்றையும் கண்முன் இருந்த ஒரு பழுதுக்காகவே எழுதினார்கள்; விளக்கக் குறிப்புகளில் வேறு நோக்கம் தெரியவில்லை. நான் சொல்வது, நிரல் போய்ச் சேர்ந்த இடத்தைப் பற்றி. சில்லைத் தொடலாமா என்பது முதல் கேள்வி; எந்த நிலையில் தொடலாம் என்பது இரண்டாவது; திறக்கும் உரிமை யாருடையது, அந்த உரிமை எந்த ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது என்பது மூன்றாவது. பூட்டு மரபு முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறது. புதிய இயக்கிகளை ஆய்வோர் மூன்றாவதிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்: மீட்டமைப்புக்குப் பின்னும் உயிரோடிருக்கும் மாறிகள் எவை என்று முதலில் பட்டியலிடுங்கள்; சில்லின் நிலையைக் குறித்த மாறி ஒன்று அதில் இருந்தால், பூட்டுகளைப் பார்ப்பதற்கு முன் அதைப் பாருங்கள்.

ஏத்9கே இயக்கியில் அந்த எண்ணி இன்றும் இருக்கிறது. ஆனால் 2017-க்குப் பிறகு குறுக்கீட்டுக் கையாளியும் டாஸ்க்லெட்டும் அதைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை.