மணல்வெளியில் படியரங்குகள்: வளைகுடாவின் திறந்தவெளி இசைமேடைகள், 1971–2024

ரியாத் நகரின் பத்தா, விடுமுறை நாளான வெள்ளியன்று தென்னாசியத் தொழிலாளர் திரளும் கடைவீதி. பத்தாண்டுகளுக்கு முன் அங்கு கூடிய தமிழருக்கு அந்நகரில் சீட்டு வாங்கிக் கேட்கும் பொதுக் கச்சேரி எட்டாத ஒன்று. இன்று அதே வளைகுடாவில் பல ஆயிரம் பேர் அமரும் திறந்தவெளி அரங்குகள் நிற்கின்றன. இவை யாருக்காக எழுந்தன, புலம்பெயர்ந்தோர் எக்கட்டத்தில் அவற்றின் பார்வையாளராயினர் என்பவையே இங்கு ஆராயப்படுகின்றன.

முன்மாதிரி

அரைவட்டப் படியரங்கு வளைகுடாவின் மண்ணில் விளைந்ததன்று. ரோமானியர் விட்டுச்சென்ற கல்லரங்குகள் மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையான லெவண்டிலும் வட ஆப்பிரிக்காவிலும் உள்ளன. அம்மானில் இருப்பது ஏறத்தாழ 6,000 பேர் கொள்ளும். லெபனானின் பால்பெக் விழா (1956), துனிசியாவின் கார்த்தேஜ் விழா (1964), ஜோர்டானின் ஜெராஷ் விழா (1981) ஆகியவை தொல்லிடங்களை மீண்டும் இசைமேடைகளாக்கின. வளைகுடாவுக்கு அத்தகைய இடிபாடு இல்லை. ஆனால் பெரும் பாடகர்களை வரவழைக்கும் வசதி இருந்தது. அமீரகக் கூட்டமைப்பு உருவாவதற்குச் சற்று முன், 1971 நவம்பரில், எகிப்தின் உம்மு குல்சும் அபுதாபியில் பாடினார்.

அரசு கட்டிய அரங்குகள்

நிலையான படியரங்குகள் பெரும்பாலும் 2010க்குப் பின் வந்தவை. தோஹாவின் கத்தாரா அரங்கு, ஏறத்தாழ 5,000 இருக்கைகளுடன், 2011 டிசம்பரில் கிரேக்க இசையமைப்பாளர் வாங்கெலிஸின் நிகழ்ச்சியோடு திறக்கப்பட்டது. கிரேக்க வடிவமும் இஸ்லாமியக் கட்டட அலங்காரமும் அதில் இணைந்துள்ளன. ஷார்ஜா இஸ்லாமியப் பண்பாட்டுத் தலைநகராக அறிவிக்கப்பட்ட 2014இல், காலித் கழியின் தீவொன்றில் 4,500 இருக்கைகள் கொண்ட அல் மஜாஸ் அரங்கு எழுந்தது. இஸ்லாமிய வரலாற்றைச் சொல்லும் பிரம்மாண்ட இசை நாடகமே அதன் முதல் நிகழ்ச்சி. 2020 டிசம்பரில் ஷார்ஜாவின் கோர்ஃபக்கானில் 3,600 இருக்கை அரங்கும், 2021இல் பஹ்ரைனின் சாகிர் பாலைவனத்தில் 10,000 பேருக்கான அல் தானா அரங்கும் திறக்கப்பட்டன. கோடை வெயிலால் இவற்றின் கச்சேரிப் பருவம் பெரும்பாலும் அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான். ஆண்டில் ஏறத்தாழப் பாதி நாள் ஓய்ந்திருக்கும் அரங்கை வரவு செலவுக் கணக்கு மட்டும் கட்டாது. பண்பாட்டுப் பெருமிதமும் சுற்றுலாவும் அதன் பின்னால் இருந்தன.

தமிழ் இசை வந்த வழி

தமிழ்ப் பாட்டு வளைகுடாவின் பெருமேடைக்கு வந்த வழி வேறு. துபாய் எக்ஸ்போ 2020இன் திறந்தவெளியான ஜூபிலி மேடையில் 2021 டிசம்பரில் ஏ.ஆர். ரஹ்மானும், 2022 மார்ச் 5 அன்று இளையராஜாவும் நிகழ்ச்சி நடத்தினர். அது கண்காட்சிக்கென எழுப்பிய மேடை, படியரங்கு அன்று.

பொதுக் கச்சேரி எட்டாதிருந்த சவூதியில் மாற்றம் பிந்தி வந்தது, விரைந்து நடந்தது. 2016இல் பொழுதுபோக்குக்கான பொது ஆணையம் அமைந்தது. 2017 மார்ச்சில் சவூதிப் பாடகர் முகம்மது அப்து ரியாத்தில் பாடினார். 2019இல் ‘ரியாத் சீசன்’ என்னும் பொழுதுபோக்கு விழா தொடங்கியது. 2021 டிசம்பரில் இந்தி நடிகர் சல்மான் கான் குழுவின் நிகழ்ச்சி அங்கு நடந்தது. 2024இல் ரியாத்தின் சுவைதி பூங்காவில் இந்தியா உள்ளிட்ட நாடுகளுக்கெனத் தனித்தனி நாள்கள் ஒதுக்கப்பட்டன.

முடிவு

அரசின் அடையாளம், சுற்றுலாச் சந்தை, புலம்பெயர்ந்த பார்வையாளர் என்பதே இவ்வரலாற்றின் வரிசை. மூன்றாம் கட்டம் அரங்குகளின் ஆவணங்களில் எளிதில் அகப்படாது. வளைகுடாத் தமிழ்ச் சங்கங்கள் தங்கள் கைவசமுள்ள அழைப்பிதழ்களையும் நுழைவுச் சீட்டுகளையும் இப்போதே திரட்டிப் பாதுகாக்க வேண்டும்; அவையின்றி இவ்வரலாறு கட்டடங்களின் வரலாறாக மட்டுமே எஞ்சும்.