போதைப்பொருள் சட்டமும் தனிமனித உரிமையும்: ஊவா மாகாணம்

இலங்கையின் ஊவா மாகாணத்தில் பதுளை, மொனராகலை என இரு மாவட்டங்கள் உள்ளன. மொனராகலையின் வெல்லவாய, தணமல்வில காட்டுப்பகுதிகளில் கஞ்சா களவாகப் பயிரிடப்படுகிறது. பதுளையின் பசறை, ஹாலிஎல, அப்புத்தளைத் தேயிலைத் தோட்டங்களை அதிகம் வாட்டுவது சாராயமும் களவாகக் காய்ச்சும் கசிப்பும்.

கஞ்சாவைத் தடுப்பது 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம். சொந்தப் பாவனைக்கு வைத்திருப்பதும் குற்றமே. ஆயுர்வேத மருத்துவத்துக்கு மட்டும் 1961ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிடுகிறது. 1984ஆம் ஆண்டுத் திருத்தம் 2 கிராம் முதல் ஹெரோயின் கடத்துவோருக்கு மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கிறது. ஆனால், 1976க்குப் பின் நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை.

தென்னாப்பிரிக்காவில் வயதுவந்தோர் தனிமையில் கஞ்சா பாவிப்பதை 2018இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அனுமதித்தது. இலங்கையில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. 1978 அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை பழைய சட்டங்களை அடிப்படை உரிமைகளுக்கு முரணானாலும் காப்பாற்றுகிறது. நிறைவேறிய சட்டத்தை நீதிமன்றம் கேள்வி கேட்பதை 80(3)ஆம் உறுப்புரை தடுக்கிறது. மாற்றும் அதிகாரம் பாராளுமன்றத்துக்கே. ஆனால், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் குடியுரிமை இழந்த தோட்ட மக்களில் பலர் 1984இல் அந்தத் திருத்தம் வந்தபோதும் நாடற்றவர்களே. தங்களைச் சிறைக்கு அனுப்பக்கூடிய சட்டத்தைப் பற்றி வாக்கால் ஒரு சொல் சொல்லவும் அவர்களுக்கு இடமிருக்கவில்லை. இந்த வரலாற்றை விட்டுவிட்டு ஊவாவில் உரிமையைப் பேசுவது அநீதி.

மதுவைப் பொறுத்தவரை, தவறணையில் அதைப் பெண்களுக்கு விற்கக் கூடாது என்பது 1979ஆம் ஆண்டின் மதுவரி அறிவித்தல். 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தை மீளப்பெறப் பணித்தார். கொழுந்து பறித்துக் குடும்பத்தைத் தாங்கும் பெண்ணுக்குத் தன் விருப்பத்தைத் தானே தீர்மானிக்கும் தகுதி இல்லையென அரசு கருதியதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பிறருக்குத் தீங்கு நேரும்போது மட்டுமே அரசு தலையிடலாம் என்றார் ஜான் ஸ்டூவர்ட் மில் (1859). தோட்டங்களில் ஒரே சுவரைப் பகிரும் லயக் காம்பராக்களில் ஒருவரின் குடி அவரோடு நிற்பதில்லை. மனைவியின் சம்பளத்தையும் பிள்ளையின் படிப்பையும் அது தின்கிறது. ஆகவே கசிப்பு வியாபாரியைத் தடுக்கும் அதிகாரம் அரசுக்கு வேண்டும். பாவிப்பவரைச் சிறைக்கு அனுப்புவது வேறு விடயம். 2023 டிசம்பரில் தொடங்கிய ‘யுக்திய’ என்ற பொலிஸ் போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையில் பல்லாயிரம் பேர் கைதாயினர். அதை நிறுத்துமாறு ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் 2024 ஜனவரியில் கோரினர்.

பாவிப்பவரையும் விற்பவரையும் பாராளுமன்றம் சட்டத்தில் தெளிவாகப் பிரிக்க வேண்டும். அதற்கு முன் தோட்டப் பெண்களின் சாட்சியத்தை அவர்கள் பேசும் தமிழிலேயே கேட்க வேண்டும்.