நகைச்சுவை விலங்குச் சித்திரக்கதை

நகைச்சுவை விலங்குச் சித்திரக்கதை: மனிதரைப் போலப் பேசி, உடுத்தி, கடன்பட்டு, கோபப்படும் விலங்குகளைத் தலைமைப் பாத்திரங்களாகக் கொண்ட படக்கதை வகை. இதன் சாகசக் கிளையில் வாத்தும் எலியும் குரங்கும் புதையல் தேடிக் கப்பலேறும், பாழடைந்த நகரங்களுக்குள் நுழையும், கடைசியில் வெறுங்கையோடு வீடு திரும்பிச் சண்டை பிடிக்கும். 1930 முதல் 1960கள் வரை இக்கிளை அமெரிக்காவில் செழித்தது. தமிழுக்குப் பெரும்பாலும் சிவகாசி வழியாக வந்தது. இங்கே இதன் வரலாறு திருகோணமலைத் துறைமுக மாவட்டத்தில் இருந்துகொண்டு சொல்லப்படுகிறது. புதையல் தேடிப் புறப்பட்டவர்களின் கதையை, அப்படிப் புறப்பட்ட கப்பல்கள் நானூறு வருடமாக வந்து நங்கூரமிட்ட கரையில் இருந்து வாசிக்கும்போது அதற்கு இன்னொரு சுவை சேர்கிறது.

முன்னோடிகள்

விலங்குக்கு மனிதக் குணத்தை ஏற்றிச் சிரிப்பது தமிழ் நிலத்துக்குப் பழக்கமானது. மாமல்லபுரத்தில் ஏழாம் நூற்றாண்டில் செதுக்கப்பட்ட பெரும் பாறைச் சிற்பத்தின் கீழ்ப்பகுதியில், முன்கால் இரண்டையும் தலைக்கு மேலே தூக்கிப் பூனையொன்று தவம் செய்கிறது. அதன் காலடியில் எலிகள் நம்பிக்கையோடு கூடியிருக்கின்றன. அதே பாறையில், ஏறக்குறைய அதே நிலையில், எலும்பும் தோலுமாக ஒரு தவசியும் நிற்கிறார். பக்தியையும் பகடியையும் ஒரே கல்லில் வைத்த அந்தப் பெயரறியாச் சிற்பியை இவ்வகையின் மூத்த ஓவியர் என்று கொள்வதில் தவறில்லை.

1826இல் தாண்டவராய முதலியார் வசனத்தில் பெயர்த்த பஞ்சதந்திரக் கதைகள் நரியையும் காகத்தையும் ஆமையையும் பள்ளிக்கூடம் வரை கொண்டுவந்தன. ஆனால் அங்கே விலங்கு நீதி சொல்லக் கடமைப்பட்டது; நரி ஏமாற்றினால் அதிலிருந்து பிள்ளை ஒரு பாடம் கற்றாக வேண்டும். சித்திரக்கதை அந்தக் கடமையைக் கழற்றி எறிந்தது. நீதியின் இடத்தைத் தேசப்படமும் கடன்பத்திரமும் பிடித்துக்கொண்டன.

பத்திரிகைப் படத்தொடராக இவ்வகையை ஒரு கலையாக்கியவர் ஜார்ஜ் ஹெரிமன். அவருடைய 'கிரேசி கேட்' 1913இல் தனித் தொடராகி 1944 வரை ஓடியது. 1930 ஜனவரியில் மிக்கி மவுஸ் தினசரித் தொடர் தொடங்கியது. அதே வருடம் மே மாதத்தில் அதை ஏற்ற ஃபிளாய்ட் காட்ஃபிரட்சன் 1975 வரை வரைந்தார். சினிமாவில் வெறும் குறும்பனாக இருந்த எலியைத் துப்பறிபவனாகவும் விமானியாகவும் ஆக்கியவர் அவர்தான்.

பார்க்ஸின் வாத்துகள்

இத்துறையின் பெரும் பெயர் கார்ல் பார்க்ஸ் (1901-2000). ஒரிகன் மாநிலத்துப் பண்ணைப் பிள்ளை. 1935இல் டிஸ்னி நிறுவனத்தில் சேர்ந்து கார்ட்டூன் படங்களுக்குக் கதை அமைத்தார். 1942இல் அங்கிருந்து விலகி, கோழி வளர்க்கலாம் என்ற எண்ணத்தோடு கலிபோர்னியாவின் உட்பகுதிக்குப் போனவரை வாத்துகள் விடவில்லை. அதே வருடம் அக்டோபரில், அவரும் ஜாக் ஹன்னாவும் வரைந்த, கடற்கொள்ளையர் தங்கத்தை டொனால்ட் டக் தேடிப்போகும் கதை வெளிவந்தது. பார்க்ஸ் வரைந்த முதல் வாத்துக் காமிக்ஸ் அது. 1966இல் ஓய்வுபெறும் வரை ஏறத்தாழ 500 கதைகள். அக்காலத்தில் எதிலும் அவர் பெயர் அச்சாகவில்லை. டிஸ்னியின் பெயர் மட்டுமே இருந்தது. 'நல்ல வாத்து ஓவியர்' என்றுதான் பிள்ளைகள் அவரை இனங்கண்டார்கள். அறுபதுகளில்தான் ரசிகர்கள் ஆளைத் தேடிப்பிடித்தனர்.

1947 டிசம்பரில் அவர் படைத்த அங்கிள் ஸ்க்ரூஜ், உலகின் மகா பணக்கார, மகா கஞ்சக் கிழவாத்து. முதலில் ஒரு தடவை வந்துபோக வேண்டிய பாத்திரம். 1952இல் அவருக்கென்று தனி இதழே தொடங்கியது. இந்தக் கதைகளின் இரகசியம் ஒரு முரணில் இருக்கிறது. வாத்தின் முகம் நாலு கோட்டில் முடிந்துவிடும். அதற்குப் பின்னால் நிற்கும் மலையும் கோயிலும் பாய்மரமும் துல்லியமானவை. பயணம் போகாத பார்க்ஸ், 'நேஷனல் ஜியோகிராபிக்' சஞ்சிகைப் படங்களைப் பார்த்தே அந்தீஸ் மலைத்தொடரையும் இமயத்துப் பள்ளத்தாக்குகளையும் கட்டினார். முகம் பொதுவானது என்பதால் எந்த ஊர்ப் பிள்ளையும் அதற்குள் தன்னை வைத்துக்கொள்ளலாம். இடம் உண்மை போல் இருப்பதால் ஆபத்தை நம்பலாம். இரண்டில் ஒன்று பிசகினாலும் கதை வெறும் வாத்துக் கூத்தாகிவிடும். பிற்காலத்தில் இந்தப் பாத்திரங்களை வைத்துப் பலர் வரைந்த கதைகள் பலவற்றில் பிசகியிருப்பது இடம்தான் என்பது கட்டுரையாளர் கருத்து.

ஆட்களும் நம் பக்கத்து வீட்டார். வேலையில் நிலைக்காத, முன்கோபியான மாமா டொனால்ட். எதையும் ஒரு சாரணர் கைநூலில் பார்த்துத் தீர்க்கும் மூன்று மருமக்கள். உழைக்காமலே அதிர்ஷ்டம் கொட்டும் கிளாட்ஸ்டன். திருடுவதில் தோற்றுக்கொண்டே இருக்கும் பீகிள் பாய்ஸ். கிளாட்ஸ்டனை வெறுக்காத வாசகரைக் காண்பது அரிது.

கப்பல் தூக்கிய கதை

1949 மேயில் வெளிவந்த பார்க்ஸின் சிறுகதை ஒன்றில், மூழ்கிய உல்லாசப் படகொன்றுக்குள் மேசைப்பந்தாட்டப் பந்துகளை நிரப்பி மருமக்கள் அதை மிதக்கவைக்கிறார்கள். 1964இல் செம்மறியாடுகளோடு குவைத் துறைமுகத்தில் மூழ்கிய 'அல் குவைத்' கப்பலை, டென்மார்க்கைச் சேர்ந்த கார்ல் குரோயர் கோடிக்கணக்கான சிறு பொலிஸ்டைரீன் உருண்டைகளைக் குழாய்வழி உள்ளே செலுத்தி மேலே கொண்டுவந்தார். வாத்துக் கதை முன்பே வந்துவிட்டதால் அவருக்குக் காப்புரிமை மறுக்கப்பட்டது என்று ரசிகர்கள் சொல்வது ஆவணச் சான்றில்லாத கதை. ஒரே பௌதிகம் இரண்டு இடத்திலும் வேலை செய்தது என்பது மட்டும் உண்மை.

திருகோணமலைக்காரருக்கு இதில் தனி அக்கறை உண்டு. பார்க்ஸின் முதல் வாத்துக் கதை அச்சேறிய 1942இல்தான், ஏப்ரல் 9 அன்று, யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைக் குண்டுவீசித் தாக்கின. அன்று தீப்பற்றிய 'சகாயிங்' என்ற பிரித்தானியக் கப்பலின் உடல் பல பத்தாண்டுகள் துறைமுகத்துக்குள் நீரடியில் கிடந்தது. 2018 மார்ச்சில் இலங்கைக் கடற்படைச் சுழியோடிகள் அதன் ஓட்டைகளை அடைத்து, நீரை இறைத்து, மிதக்கவைத்து, வேறிடத்துக்கு இழுத்துச் சென்று ஆழத்தில் விட்டனர். பந்து தேவைப்படவில்லை.

திருகோணமலையின் சுவாமிமலைக்கு அடியிலுள்ள கடலும் இப்படித்தான். 1620களில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களையும் செதுக்குக் கற்களையும், 1950களில் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் கூட்டாளி மைக் வில்சன் அங்கே மூழ்கிப் பார்த்தார். 1961இல் அதே வில்சன் இரண்டு அமெரிக்கச் சிறுவர்களோடு தீவின் தென்கிழக்கே கிரேட் பாசஸ் பாறைத்தொடரில் மூழ்கியபோது ஔரங்கசீப் காலத்து சூரத் வெள்ளி நாணயக் குவியல் அகப்பட்டது. பெரியவர் ஒருவர், சிறுவர் இருவர், கடலடிப் பாறை, கட்டிதட்டிப்போன வெள்ளிக்காசு: பார்க்ஸ் இதை வரைந்திருந்தால் ஒரு மருமகன் கூட வந்திருப்பான், அவ்வளவுதான்.

இலங்கையில்

சிங்களச் சித்திரக்கதை 1951இல் ஜி. எஸ். பெர்னாண்டோ 'லங்காதீப' பத்திரிகையில் வரைந்த 'நீலா'வோடு தொடங்குகிறது. 1972இல் 'சதுட' இதழும், அதில் கமிலஸ் பெரேராவின் 'கஜமென்'னும் வந்தன. இவை மனிதர்களின் கதைகள். விலங்கு வந்தது சிபில் வெத்தசிங்கவின் 1956ஆம் வருடப் படநூலில். பட்டணத்தில் குடை வாங்கி ஊருக்குக் கொண்டுவரும் ஒருவரின் குடைகளெல்லாம் காணாமற்போகின்றன. திருடன் ஒரு குரங்கு. அது சித்திரக்கதை என்ற கட்டங்களுக்குள் அடங்காது, ஆனாலும் இத்தீவில் அதைவிட நல்ல நகைச்சுவை விலங்கு பிறக்கவில்லை.

1982இல் ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கியபின் டைட்டஸ் தொட்டவத்த பக்ஸ் பனி என்ற கார்ட்டூன் முயலைச் சிங்களம் பேசவைத்தார். 'ஹா ஹா ஹரி ஹாவா' என்ற பெயரில் அது தீவு முழுக்கப் பிரபலம். தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் அடுத்தடுத்து வாழும் திருகோணமலை போன்ற மாவட்டத்தில் இதன் பொருள் சிறியதல்ல. மனிதப் பாத்திரம் வாயைத் திறந்ததும் அவன் எந்த ஊர், எந்தச் சமூகம் என்று தெரிந்துவிடும். முயலுக்கு அந்தச் சிக்கல் கிடையாது.

ஈழத்துத் தமிழ்க் கேலிச்சித்திரம் வேறு வழியில் போனது. சிவஞானசுந்தரம் என்ற சுந்தர் 'தினகரன்' பத்திரிகையில் வரைந்த 'சவாரித் தம்பர்', மாட்டுவண்டிச் சவாரிப் பிரியரான ஒரு யாழ்ப்பாணத்துக் கிழவர். 1960களில் சுந்தர் தொடங்கிய 'சிரித்திரன்' சஞ்சிகையின் பலம் மனிதரின் பேச்சும் வீம்பும். விலங்குச் சாகசம் வேண்டியவர்கள் தமிழ்நாட்டையே பார்த்திருக்க வேண்டியிருந்தது. 1970களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதால் அந்த வாசலும் ஒடுங்கியது. 1977க்குப் பின் திறந்த பொருளாதாரத்தோடு அம்புலிமாமாவும் முத்து காமிக்ஸும் மீண்டும் கடைகளில் தொங்கின.

சிவகாசியும் கொச்சியும்

சிவகாசியில் 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு பிறந்தது முத்து காமிக்ஸ். 1984இல் அதே குடும்பத்தின் லயன் காமிக்ஸ், எஸ். விஜயனின் ஆசிரியப் பொறுப்பில். இவற்றின் அடித்தளம் பிரித்தானியத் துப்பறிவாளரும் கௌபாய்களும். அங்கிள் ஸ்க்ரூஜும் டொனால்டும் இடம்பிடித்தது சிறுவருக்கான மினி லயனில். வாத்துகளை விடவும் தமிழ் வாசகர் கொண்டாடியது ஷெரீப் டாக் புல்லையும் அவருடைய அப்பாவி உதவியாளரையும். பிரெஞ்சு ஓவியர் திபே 1950களில் சிக் பில் தொடரை ஆரம்பித்தபோது இவர்கள் விலங்கு முகங்களோடுதான் இருந்தார்கள். பிறகு மனித முகம் பெற்றார்கள். அடி வாங்கினால் நட்சத்திரம் பறக்கும் அந்த உடல்மொழி மட்டும் பழைய பிறவியிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

கொச்சியைச் சேர்ந்த பைக்கோ நிறுவனம் 1984இல் தமிழில் கொணர்ந்த 'பூந்தளிர்', வாண்டுமாமாவின் ஆசிரியத்துவத்தில் வந்தது. எண்பதுகளின் தமிழ்ப் பிள்ளைகளுக்கு விலங்குச் சாகசம் என்றால் இதில் வந்த கபீஷ். நினைத்தபடி வாலை நீட்டக்கூடிய குரங்கு. அனந்த் பையின் படைப்பு, மோகன்தாஸின் ஓவியம். கபீஷின் காட்டில் பொன்னும் புதையலும் இல்லை. வேட்டைக்காரனிடமிருந்தும் புலியிடமிருந்தும் கூட்டாளிகளைக் காப்பதே ஒவ்வொரு இதழிலும் வேலை. 'டிங்கிள்' இதழில் பிறந்த காலியா என்ற காகமும் அப்படியே: கீச்சு, மீச்சு என்ற இரண்டு முயல்களைச் சமாடகா நரியின் வாயிலிருந்து மாதாமாதம் மீட்கும். அமெரிக்க வாத்து வெளியே போகிறது. இந்தியக் குரங்கும் காகமும் வெளியே இருந்து வருபவனைத் தடுக்கின்றன. இந்த வித்தியாசம் தற்செயலானதென்று தோன்றவில்லை.

எதிர்க்கரை வாசிப்பு

1971இல் சிலி நாட்டில் ஏரியல் டோர்ஃப்மனும் ஆர்மண்ட் மத்தலாரும் எழுதிய நூல், டொனால்ட் டக் கதைகள் ஏகாதிபத்தியத்தின் பாடப்புத்தகம் என்று வாதிட்டது: தூர தேசத்தவர் குழந்தைகளாகக் காட்டப்படுகிறார்கள், அவர்களுடைய செல்வம் எடுத்துக்கொள்ளக் கிடக்கிறது. 1973 இராணுவப் புரட்சிக்குப் பின் சிலிக் கடற்படை அதன் ஒரு பதிப்பை வல்பரைசோ குடாவில் கொட்டியதாக டோர்ஃப்மன் எழுதியிருக்கிறார்.

குற்றச்சாட்டைத் தள்ளிவிட முடியாது. 1620இல் டேனியர், பின் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், 1782இல் பிரெஞ்சுக்காரர், 1795இல் ஆங்கிலேயர், அவர்களின் கடற்படைத் தளம் 1957 வரை என்று ஆள் மாறிய துறைமுகத்தவருக்கு, கப்பலில் வந்திறங்கி 'இங்கே என்ன இருக்கிறது?' என்று கேட்கும் கிழவாத்து வெறும் கற்பனையல்ல. இங்குள்ள பிரெட்ரிக் கோட்டைக்குள் மேயும் புள்ளிமான்களின் பக்கத்தில் நின்று பார்த்தால், அந்தக் கதைகளில் தலைப்பாகையோடு ஓரமாக நிற்பவர்கள் நாம்.

ஆனால் டோர்ஃப்மன் பார்க்கத் தவறியது, பார்க்ஸ் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார் என்பதை. 1954இல் வந்த கதையொன்றில், பணத்தொல்லை தாங்காத ஸ்க்ரூஜ் காசே இல்லாத ஒரு மலைப்பள்ளத்தாக்குக்குப் போகிறார். அவர் எறிந்த மருந்துப்போத்தல் மூடி ஒன்று அங்கே அரிய பொருளாகி, சில நாளில் ஊரே மூடிக்காக அடித்துக்கொள்கிறது. தட்டுப்பாட்டைத் தீர்க்க விமானத்திலிருந்து கோடிக்கணக்கில் மூடிகளைக் கொட்ட, வயல்கள் புதைகின்றன. பள்ளத்தாக்கைக் கெடுத்தது வந்தவர் கொண்டுவந்த குப்பை. இதை இம்மாவட்டத்துக் கிண்ணியாவிலோ மூதூரிலோ இருக்கும் பிள்ளைக்கு விளக்க வேண்டியதில்லை. கிழவாத்தின் துணிச்சலையும் ரசிக்கலாம், அவர் தோற்பதையும் ரசிக்கலாம். இரண்டையும் ஒரே வாசிப்பில் தருவதால்தான் இக்கதைகள் எழுபது வருடம் கழித்தும் கைமாறுகின்றன.

பிரதிகள்

இம்மாவட்டத்தில் பழைய இதழ்கள் தங்கவில்லை. 1983 முதல் அடுத்தடுத்த இடம்பெயர்வுகளும் 2004 ஆழிப்பேரலையும் வீட்டுச் சேகரங்களைக் கொண்டுபோயின. ஓடுகிறவர் அடையாள அட்டையைத்தான் எடுப்பார், காமிக்ஸ் கட்டை அல்ல. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் 'சிரித்திரன்' உட்பட ஈழத்து வெளியீடுகளை எண்ணிமமாக்கியிருக்கிறது. பார்க்ஸின் கதைகளை அமெரிக்காவின் ஃபாண்டகிராபிக்ஸ் 2011 முதல் முழுத்தொகுதிகளாக வெளியிடுகிறது.

வாத்துகள் இன்று அமெரிக்காவைவிட வட ஐரோப்பாவிலும் இத்தாலியிலுமே அதிகம் வாசிக்கப்படுகின்றன. நோர்வேயின் டொனால்ட் டக் இதழ் 1948இலும் டென்மார்க்கினது 1949இலும் தொடங்கியவை. எண்பதுகளில் வடக்குக் கிழக்கிலிருந்து இந்நாடுகளுக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகள் பார்க்ஸை நோர்வேஜிய மொழியிலும் டேனிய மொழியிலும் வாரந்தோறும் வாங்கி வாசிக்கக்கூடிய இடத்தில் வளர்ந்தனர். அவர்களுடைய பெற்றோருக்குத் தெரிந்த விலங்கு கபீஷ்.