10 சென்ரிமீற்றர் கோடு 9.4 ஆன கதை

தவணைப் பரீட்சை நெருங்கினால் நம் ஊர் ஆசிரியர்களின் வாட்ஸ்அப்பில் வினாத்தாள்கள் கைமாறத் தொடங்கிவிடும். ஒருவர் வீட்டில் டைப் செய்வார், இன்னொருவர் டவுனில் பிரின்ட் எடுப்பார். கணிதத் தாளில் “இக்கோட்டை அளந்து எழுதுக” என்றொரு கேள்வி. விடைத்தாளில் 10 செ.மீ. பிள்ளை அடிமட்டத்தை வைத்துப் பார்த்தால் 9.4. பிள்ளை சரியாகத்தான் அளந்திருக்கிறது, புள்ளி மட்டும் போய்விடும்.

இதற்குக் காரணம் கொம்பியூட்டருக்குள் இருக்கும் ஒரு சிறு சொல்: “லெட்டர்”. அது அமெரிக்கத் தாள் அளவு, 216 க்கு 279 மில்லிமீற்றர். நாம் பாவிக்கும் ஏ4 தாள் 210 க்கு 297. அகலத்தில் 6 மி.மீ. வித்தியாசம், நீளத்தில் 18. ஏ4 இல் செய்த தாளை லெட்டருக்குள் அடக்கச் சொன்னால் மென்பொருள் அதை 94 வீதமாகச் சுருக்கிவிடும். அடக்கச் சொல்லாவிட்டால் கடைசி வரி வெட்டுப்படலாம்.

உலகில் ஏன் இரண்டு அளவுகள்? அதன் கதை ஜேர்மனியில் தொடங்குகிறது. 1786இல் கெட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் லிக்டன்பேர்க் தன் நண்பர் பெக்மானுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரு தாளைப் பாதியாக மடித்தாலும் வடிவம் மாறாதிருக்க வேண்டுமானால் நீளமும் அகலமும் என்ன விகிதத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு மாணவனிடம் கேட்டாராம். விடை, இரண்டின் வர்க்கமூலம், அதாவது ஏறத்தாழ 1.414. அப்படியொரு தாளை வெட்டிப் பார்க்க நினைத்தவர், கையிலிருந்த தாளே அந்த விகிதத்தில் இருப்பதைக் கண்டு மகிழ்ந்து போனார். (நிலைமின்னேற்றம் உள்ள பரப்பில் தூள் ஒட்டி உருவம் தோன்றுவதைக் கண்டவரும் இதே மனிதர்தான். போட்டோக்கொப்பி மெஷினும் லேசர் பிரின்டரும் அந்தத் தத்துவத்தில்தான் ஓடுகின்றன. அவர் எழுதிய தாளும் அவர் கண்ட தூளும் இன்று ஒரே பெட்டிக்குள்!)

1798இல் பிரான்ஸின் முத்திரைத் தாள் சட்டத்திலும் இந்த விகிதத்தில் சில அளவுகள் வந்தன. ஆனால் பெரிதாகப் பரவவில்லை. 1922இல்தான் வால்டர் போர்ஸ்ட்மான் என்ற ஜேர்மனியர் இதை முழு ஒழுங்காக்கினார். ஏ0 தாளின் பரப்பு ஒரு சதுர மீற்றர். அதைப் பாதி பாதியாக நான்கு தடவை வெட்டினால் ஏ4. ஆகவே ஒரு சதுர மீற்றரில் 16 ஏ4 தாள்கள். பெட்டியில் 80 கிராம் என்று போட்டிருந்தால் ஒரு தாளின் நிறை 5 கிராம். இதை வகுப்பில் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் உடனே தபால் நிறை கணக்குப் போடுவார்கள்.

1975இல் இது சர்வதேச நியமமானது. பிரித்தானியர் விட்டுப்போன ஃபுல்ஸ்கேப் (கோமாளித் தொப்பி நீர்க்குறியால் வந்த பெயர்) மெல்ல மறைந்தது. ஆனால் அமெரிக்கா எட்டரைக்குப் பதினொரு அங்குலத்தை விடவில்லை. அங்கே அரசாங்க அலுவலகங்களே அதைவிடச் சிறிய வேறொரு தாளைப் பாவித்து வந்து, 1980களின் தொடக்கத்தில் ரீகன் காலத்தில்தான் லெட்டருக்கு மாறின. நம் மென்பொருள்களில் பெரும்பாலானவை அங்கிருந்தே வருவதால், மொழியும் நாடும் அமெரிக்கா என்று இருக்கும் கொம்பியூட்டரில் தாளும் லெட்டராகவே இருக்கும்.

ஆகவே மூன்று இடங்களையும் பாருங்கள். வேர்டில் பக்க அளவு, பிரின்டர் அமைப்பில் தாள் அளவு, பிடிஎஃப் என்றால் “ஃபிட்” அல்ல, “ஆக்சுவல் சைஸ்”. முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு மற்ற இரண்டையும் மறப்பவர்களே அதிகம். அளவீட்டுக் கேள்வி உள்ள தாளென்றால் முதல் பிரதியில் கோட்டை அடிமட்டத்தால் அளந்து பார்த்துவிட்டு மிச்சத்தைக் கொப்பி எடுங்கள்.