கோயிலுக்குள் படை, சர்ச்சுக்குள் வெடிமருந்து

சந்திப்பு மலருக்குச் சரித்திரக் கட்டுரை ஒன்று வேண்டும், ஆனால் ரொம்ப நீட்டிவிடாதே என்று மலர்க்குழு நண்பர்கள் கட்டளை போட்டுவிட்டார்கள். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ்ஸிலும் ரயிலிலும் அலைந்தவர்கள் நம்மில் பலர். அந்த முப்பது மைலுக்குள் நடந்ததை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். ஒரே ஒரு தடவை ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போய்வர அனுமதிக்க வேண்டும்.

1781 ஜூன் 18. சிதம்பரம் நடராசர் கோயில் மதிலுக்குள் ஹைதர் அலியின் படை இருந்தது. சர் அயர் கூட் தாக்கினார், முடியாமல் பின்வாங்கினார். அடுத்த ஜூலை 1ஆம் தேதி பரங்கிப்பேட்டையில் பெரும் போர் நடந்து ஹைதர் தோற்றார் என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். அத்தனை உயரமான மதில் இருந்ததால் ஆயுதம் வைத்திருந்த எல்லாருக்கும் அந்தக் கோயில் கோட்டையாகவே தெரிந்தது. பூஜை செய்கிறவர்களையோ கும்பிட வருகிறவர்களையோ யார் கேட்டார்கள்?

மறு வருஷம் கடலூரின் முறை. 1782 ஏப்ரலில் ஹைதருக்குத் துணையாக வந்த பிரெஞ்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள். அப்போது அங்கே இருந்த ஜெர்மானியப் பாதிரி கெரிக்கே ஐயர். ஊரைச் சூறையாட விட்டுவிடாதீர்கள் என்று அவர் பிரெஞ்சுத் தளபதியிடம் நேரில் போய் மன்றாடினார், ஊர் தப்பியது. அவருடைய சர்ச் மட்டும் தப்பவில்லை. அதை வெடிமருந்துக் கிடங்கு ஆக்கிவிட்டார்கள். சிதம்பரத்தில் கோயில், கடலூரில் சர்ச். மதம் வேறு, விதி ஒன்று!

இங்கேதான் ஸ்ரீரங்கப்பட்டணம் வருகிறது. போர் மூளுவதற்கு முந்தின வருஷம், 1779ல், சென்னை கவர்னர் ரம்போல்டு, தஞ்சாவூர் சுவார்ட்ஸ் ஐயரை ஹைதரிடம் தூது அனுப்பினார். தமிழ், மராத்தி, இந்துஸ்தானி, பாரசீகம் எல்லாம் தெரிந்தவர் அவர். ஹைதர் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினார். தம் படையில் இருந்த ஐரோப்பியர்களுக்கு அவர் ஆராதனை நடத்தவும் தடை சொல்லவில்லை. ஆங்கிலேயர் வாக்கைக் காப்பாற்றுவதில்லை என்று ஹைதர் முகத்துக்கு நேரே சொன்னதைச் சுவார்ட்ஸ் கேட்டுக்கொண்டார். கம்பெனியார் அதைக் காதில் வாங்கவில்லை. 1780ல் போர் வந்தது. அந்தப் போரிலும் இந்தப் பாதிரியை யாரும் தடுக்கக்கூடாது என்று ஹைதர் உத்தரவு போட்டிருந்தார். இரண்டு படைகளுக்கும் நடுவே ஒரு ஆள் போய்வரலாம், நினைத்ததைப் பேசலாம் என்ற நிலை அந்தக் காலத்தில் சாதாரண விஷயமா, சொல்லுங்கள்!

பாதிரிமார்கள் எல்லாரும் நடுநிலை வகித்தவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சுவார்ட்ஸே கம்பெனிப் படைக்குக் குருவாக இருந்து சம்பளம் வாங்கியவர்தான். ஆனால் தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம் வந்தபோது, அரசரையும் கம்பெனியையும் நம்பி ஒரு குடியானவரும் நெல் கொண்டுவரவில்லை. பணத்துக்கு நான் பொறுப்பு என்று இவர் சொன்ன பிறகுதான் மாடும் வந்தது, எண்பதாயிரம் கலம் நெல்லும் வந்தது. அந்த நம்பிக்கைதான் அவருடைய பலம்.

இனி கடலூருக்குத் திரும்புவோம். 1783 ஜூனில் ஜெனரல் ஸ்டூவர்ட் தலைமையில் ஆங்கிலப் படை ஊரை முற்றுகையிட்டது. உள்ளே புஸ்ஸி. ஜூன் 13 சண்டையில் மட்டும் ஆங்கிலேயர் பக்கம் செத்தவர்களும் காயம்பட்டவர்களும் ஆயிரம் பேர் அளவில். ஜூன் 20ல் கடலிலும் சண்டை. மாதக் கடைசியில் கப்பலில் ஒரு செய்தி வந்து சேர்ந்தது. என்ன தெரியுமா? ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஜனவரி 20ஆம் தேதியே ஐரோப்பாவில் சமாதானக் கையெழுத்துப் போட்டுவிட்டார்களாம்! ஐந்து மாதத்துக்கு முன்னால் முடிந்துபோன சண்டைக்காக வண்டிப்பாளையம் குன்றுப் பக்கம் ஆட்கள் செத்திருக்கிறார்கள். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

மைசூரோடு சமாதானம் பேசவேண்டிய வேலை பாக்கி இருந்தது. மறுபடி சுவார்ட்ஸை அழைத்தார்கள். இந்தத் தடவை திப்புவின் ஆட்கள் சத்தியமங்கலத்தில் வழிமறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் இல்லாமலே 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கை கையெழுத்தானது. அவர் போயிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நான் வாதாடவில்லை. ஆனால் இரண்டு பக்கத்துக் குறைகளையும் கேட்டுச் சொல்ல ஆளில்லாத அந்தச் சமாதானம் ஆறு வருஷம்கூடத் தாங்கவில்லை.

ஐரோப்பாவில் வந்த சமாதானம் கடலூருக்கு எட்டாமல் போனது அந்த ஒரு தடவையோடு நிற்கவில்லை. முதல் உலகப்போர் ஓய்ந்தது 1918 நவம்பர் 11. ஒன்பதே நாள் கழித்து, நவம்பர் 20 அன்று, புதுச்சேரியை விட்டுப் புறப்பட்ட பாரதியாரைக் கடலூர் அருகே கைது செய்து சிறையில் அடைத்தார்கள். அவர் கையில் துப்பாக்கியா இருந்தது? பேனாதான். அன்னி பெசன்ட், சி. பி. ராமசாமி ஐயர் முதலியோர் முயன்று டிசம்பர் 14ல் விடுதலை கிடைத்தது. அதுவும் நிபந்தனையோடு: திருநெல்வேலி ஜில்லாவுக்குள்தான் இருக்கவேண்டும், எழுதுவதைப் போலீஸ் அதிகாரிக்குக் காட்டித்தான் வெளியிடவேண்டும். கவிதைக்கும் போலீஸ் பார்வை! அந்தத் தடைகள் நீங்கியது 1920ல். அதன் பிறகு சென்னைக்கு வந்து மறுபடி சுதேசமித்திரனில் சேர்ந்தார். 1921 செப்டம்பரில் காலமானார்.