கட்டடத்தைப் பார்த்துக் கொடுத்த பணம்

எங்கள் அத்தை ஒருத்தி. 1990-களில் கணவர் இறந்து வந்த பிராவிடண்ட் ஃபண்ட் பணத்தை அப்படியே ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் போட்டாள். ஒன்றரை வருடம் வட்டி ஒழுங்காக வந்தது. ஒருநாள் ஷட்டருக்குப் பூட்டு. விசாரித்தால், எந்த டெபாசிட் யாருக்குக் கடனாகப் போனது என்று சொல்ல கம்பெனியிடமே சரியான கணக்கு இல்லை! அத்தை திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: ''ஏண்டா, ஏ.சி. எல்லாம் போட்டு எவ்வளவு பெரிய ஆபீஸ்... அவன் எப்படிடா ஓடுவான்?''

அத்தையைக் குறை சொல்லாதீர்கள். அவளுக்குத் தொண்ணூறு வருடம் முன்பே, மெத்தப் படித்த மதராஸ் முழுவதும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறது.

அர்பத்நாட் அண்டு கம்பெனி. நூறு வருடப் பாரம்பரியம் உள்ள வெள்ளைக்காரக் கம்பெனி. பாரி, பின்னி, அர்பத்நாட் என்று மூச்சு விடாமல் சேர்த்துச் சொல்வார்கள். வியாபாரத்தோடு, பொதுமக்களிடம் டெபாசிட்டும் வாங்கினார்கள். மற்ற இடங்களைவிட வட்டி கொஞ்சம் கூடுதல். தலைமைப் பங்குதாரர் ஜார்ஜ் அர்பத்நாட், 'சர்' பட்டம் வாங்கியவர். பிறகென்ன? பென்ஷன்காரர்கள், வக்கீல்கள், விதவைகள் என ஆயிரக்கணக்கானோர் தைரியமாகப் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள்.

1906, அக்டோபர் 22, திங்கட்கிழமை. கம்பெனி திவால்!

பணம் எங்கே போனது? லண்டனில் இருந்த பங்குதாரர் பாட்ரிக் மெக்ஃபேடியன், சூதாட்டம் மாதிரியான முதலீடுகளில் அதைக் கரைத்துவிட்டிருந்தார். திவாலுக்கு இரண்டு நாள் முன்பு உயிரை மாய்த்துக்கொண்டார். அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. கம்பெனி பல வருடங்களாகவே உள்ளுக்குள் ஓட்டாண்டி. அது தெரிந்தும், புதிதாக வந்த டெபாசிட்டுகளைக் கூச்சமில்லாமல் வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

1907-ல் சர் ஜார்ஜுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல். சர் பட்டம் வாங்கிய வெள்ளைக்காரர் மதராஸில் ஜெயிலுக்குப் போனது அந்தக் காலத்தில் சாதாரண விஷயமா? ஆனால், அவர் ஜெயிலுக்குப் போனதால் பணம் முழுசாகத் திரும்பி வந்துவிடவில்லை. போட்டவர்களுக்குக் கிடைத்தது ஒரு பங்குதான்.

ஏமாந்தவர்கள் பக்கம் நின்று வாதாடினார் மயிலாப்பூர் வக்கீல் வி.கிருஷ்ணசாமி அய்யர். 'நம்ம பணத்தை நாமே பார்த்துக்கணும்' என்பது அவர் கட்சி. ஊர்ப் பெரிய மனிதர்களையும் நகரத்தார்களையும் கூட்டினார். 1907 மார்ச்சில் பதிவாகி, ஆகஸ்ட் 15-ம் தேதி கதவைத் திறந்தது ஒரு சுதேசி வங்கி. அதுதான் இந்தியன் பேங்க்!

டெபாசிட் போட்டவனுக்குப் பாதுகாப்பு வர இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. 1960-ல் கேரளாவில் பாலாய் சென்ட்ரல் பேங்க் விழுந்த பிறகே விழித்துக்கொண்டார்கள். 1962-ல் டெபாசிட் காப்பீடு வந்தது, ஆளுக்கு 1,500 ரூபாய் வரை. 2020-ல் அது 5 லட்சமானது. ஆனால் ஒன்றை மறந்துவிடாதீர்கள். இந்தக் காப்பீடு வங்கிகளுக்கு மட்டும்தான். ஃபைனான்ஸ் கம்பெனி டெபாசிட்டுக்குக் கிடையாது.

அத்தைக்கு அன்று இதெல்லாம் தெரியாது. படித்த எங்களுக்கும் தெரியாது என்பதுதான் வெட்கம். அவள் பணம் போடும்போது வீட்டில் நாலு பேர் இருந்தோம். எல்லோரும் கேட்டது, ''எவ்வளவு வட்டி?'' அந்த வட்டியை எங்கிருந்து எடுத்துத் தருவான் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அத்தைக்குக் கடைசிவரை கால்வாசிகூடத் திரும்பவில்லை. அதன்பிறகு மாதம் தவறாமல் பேங்க்குக்குப் போய், பாஸ்புக்கில் பதிவு போட்டு வாங்கி, அங்கேயே நின்று வரிக்கு வரி படித்துப் பார்ப்பாள். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள்.

அத்தை நகரமாட்டாள்.